ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை விட்டுவிடலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். டெக்சாஸில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். திருநெல்வேலியில் எட்டாம் வகுப்பு முடித்ததும் அப்பாவின் வேலைக்காகக் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டோம். கிரீன் கார்டு இருக்கிறது. டாக்டராக வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே ஆசை. இந்த செமஸ்டரில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முதல் பகுதி எடுத்தேன். முதல் மிட்டர்மில் 52, இரண்டாவதில் 44. வகுப்புச் சராசரி 61, 58. அதன் லேப், பிசிக்ஸ், ஜெனிட்டிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஹிஸ்டரி எல்லாம் சேர்த்து 17 கிரெடிட். வாரம் 15 மணி நேரம் ஒரு கிளினிக்கில் டாக்டருக்குக் குறிப்பெடுத்துக் கொடுக்கும் ஸ்கிரைப் வேலையும் பார்க்கிறேன். செப்டம்பரில் ஊரில் ஆச்சி இறந்துவிட்டார்கள், போக முடியவில்லை. டபிள்யூ (கிரேடுக்குப் பதில் 'விலகினார்' என்ற குறி) வாங்கிக்கொண்டு கோர்ஸிலிருந்து விலக இன்னும் 9 நாள்தான் இருக்கிறது. பாதியில் விட்டால் அதுவே பழக்கமாகிவிடும் என்கிறார் அப்பா. சீனியர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆர்கானிக்கே வராத எனக்கு டாக்டராகத் தகுதி இருக்கிறதா என்றும் சந்தேகமாக இருக்கிறது. சிலபஸையும் டிரான்ஸ்கிரிப்டையும் இணைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: என் மகள் வயதுதான் உனக்கு, அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். நாள் குறைவாக இருந்ததால் இந்தப் பதிலை முதலில் உனக்கு அனுப்பிவிட்டு, நீ சம்மதம் சொன்ன பிறகுதான் இங்கே தருகிறேன்.

ஆச்சியை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாய். அந்த வரியில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். ஊரில் சாவு விழுந்த வீட்டைச் செல்போன் திரையில் பார்த்துவிட்டு, மறுநாள் காலை எட்டு மணி வகுப்பில் போய் உட்கார்ந்த பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும். இரண்டு வாரம் கழித்து வரும் தேர்வில் அது தெரியும். கல்லூரியில் யாரிடமாவது சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். இந்த விஷயத்துக்கே பிறகு திரும்பி வருகிறேன், முடிவுக்கு அது முக்கியம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நீ அனுப்பிய சிலபஸின்படி மூன்று மிட்டர்முக்கும் தலா 20 சதவீதம், ஃபைனலுக்கு 30, வினாடி வினாவுக்கு 10. வினாடி வினாவில் 80 வாங்குகிறாய். 52-க்கு 10.4, 44-க்கு 8.8, வினாடி வினாவுக்கு 8. ஆக மொத்தம் 27.2 உன் கையில் இருக்கிறது. மூன்றாவது மிட்டர்மும் ஃபைனலும் சேர்ந்து மீதி 50. பி கிரேடுக்கு 80 வேண்டும். அதாவது மீதமுள்ள 50-ல் 52.8 எடுக்க வேண்டும், அது நடக்காது. சி கிரேடுக்கு 70 வேண்டும். அதற்கு 50-ல் 42.8, அதாவது வரும் இரண்டு தேர்விலும் சராசரியாக 86. ஐம்பது பக்கம் நின்ற மதிப்பெண், பாடம் கடினமாகிக்கொண்டே போகும் நேரத்தில், ஐந்தாறு வாரத்தில் 86-க்கு ஏற வேண்டும்.

'கர்வ் போடுவார்', அதாவது எல்லோருக்கும் மதிப்பெண்ணை ஏற்றிப் போடுவார் என்று சீனியர்கள் சொல்கிறார்கள் இல்லையா? போடலாம். ஆனால் உன் சிலபஸில் அப்படி ஒரு வரி இல்லை. போட்டாலும் நீ முதல் தேர்வில் சராசரிக்கு 9 மதிப்பெண் கீழே இருந்தாய், இரண்டாவதில் 14 கீழே. கர்வ் வகுப்பு முழுவதையும் சேர்த்துத்தான் தூக்கும். உனக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் இருக்கும் தூரம் அப்படியேதான் இருக்கும்.

இப்போது அடுத்த கணக்கு. இதை அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். நீ அனுப்பிய டிரான்ஸ்கிரிப்டில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதப் பாடங்கள் மட்டும் இதுவரை 20 கிரெடிட், ஜிபிஏ (ஏ-க்கு 4, பி-க்கு 3 என்று போடும் கிரேடு சராசரி) 3.6. இந்த செமஸ்டரில் பிசிக்ஸில் பி, ஜெனிட்டிக்ஸிலும் ஸ்டாட்டிஸ்டிக்ஸிலும் ஏ வரும் என்று வைத்துக்கொள்வோம். கெமிஸ்ட்ரி லேபை இப்போதைக்குக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆர்கானிக்கில் டபிள்யூ வாங்கினால் உன் அறிவியல் ஜிபிஏ 3.60-லேயே நிற்கும், டபிள்யூவுக்கு மதிப்பெண் கிடையாது. சி வந்தால் 3.45. டி வந்தால் 3.36.

டி வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினால் பழையது அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊரில் அரியரை கிளியர் செய்துவிட்டால் பிறகு யாரும் பெரிதாகக் கேட்பதில்லை, அந்தப் பழக்கத்தில் வரும் எண்ணம் இது. உன் பல்கலைக்கழகமே கூட பழைய கிரேடுக்குப் பதில் புதியதைப் போட்டுக் காட்டலாம். ஆனால் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் அது செல்லாது. எம்.டி. (இங்கே இதுதான் முதல் மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கான ஆம்காஸ், டெக்சாஸுக்கான டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ் என்ற இரண்டு பொது விண்ணப்ப அமைப்புகளுமே நீ அந்தப் பாடத்தை எத்தனை முறை எடுத்தாலும் எல்லா கிரேடையும் கூட்டித்தான் ஜிபிஏ போடும். டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரிகளின் விண்ணப்பத்தில் மட்டும் ஒரு காலத்தில் சலுகை இருந்தது, 2017-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே டி வாங்கி, அடுத்து ஏ வாங்கினால் 3.42. டபிள்யூ வாங்கி, அடுத்து ஏ வாங்கினால் 3.64. 2023-ல் அமெரிக்க எம்.டி. கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் மொத்த ஜிபிஏ சராசரி 3.77. இந்த நிலையில் 3.64-க்கும் 3.42-க்கும் நடுவே உள்ள இடைவெளி சாதாரணமானது இல்லை.

ஒரு சி மட்டும் வந்தால்? அதோடு வாழ்ந்துவிடலாம். சி இருந்தால் பொதுவாக அந்தப் பாடத்தை முடித்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒரு சி-யோடு மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்கள் நிறைய. ஆனால் அந்த சி-க்கே உனக்கு 86 வேண்டியிருக்கிறது. அதோடு இந்த முதல் பகுதி புரியாமல் தட்டுத்தடுமாறி முடித்தால், அடுத்த செமஸ்டரில் இரண்டாம் பகுதி இதன் மேல்தான் உட்காரும்.

இவ்வளவு கணக்கும் சொன்ன பிறகும், கணக்கை மட்டும் வைத்து விலகு என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஏன் 44 வந்தது என்று தெரியாமல் விலகினால், வசந்த கால செமஸ்டரிலும் அதே 44-தான் வரும். அதனால் இன்று ராத்திரி ஒரு காரியம் செய். இரண்டாவது மிட்டர்ம் கேள்வித்தாளை எடு. பக்கத்தில் வெற்றுத் தாள், பேனா, வேறெதுவும் வேண்டாம். ஒவ்வொரு கேள்வியையும் மறுபடி போடு. விடை சரியா என்று மட்டும் பார்க்காதே. எலக்ட்ரான் நகர்வதைக் காட்ட நீ போட்ட ஒவ்வொரு வளைந்த அம்புக்கும், 'இந்த அம்பு ஏன் இங்கே தொடங்கி அங்கே முடிகிறது' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார். தமிழில் சொன்னாலும் சரி.

எதற்காக இதைக் கேட்கிறேன் என்றால், உன் கடிதத்தின் பிற்பகுதியில், இங்கே நான் சுருக்கியதில் விடுபட்டுப்போன ஒரு வரி இருக்கிறது. 'எல்லா ரியாக்‌ஷனையும் ஃபிளாஷ் கார்டில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன், பரீட்சையில் புது மாலிக்யூல் கொடுத்துவிடுகிறார்கள்' என்று எழுதியிருந்தாய். அம்மா, உன் பிரச்சினை முக்கால்வாசி அதில் இருக்கிறது. அந்தப் பாடம் கேட்பதே புது மாலிக்யூலைத்தான். எலக்ட்ரான் மிகுதியாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்குப் போகும். நடுவில் பெரிய அணுக்கூட்டம் வழியை அடைத்தால் எஸ்.என்.2 என்ற வகை ரியாக்‌ஷன் நடக்காது. வெளியேறுகிற பகுதி தானே கழன்றுகொண்டு, மிஞ்சும் கார்போகேஷன் (நேர்மின்னேற்றம் கொண்ட கார்பன் பகுதி) தாக்குப்பிடித்தால் எஸ்.என்.1 என்ற இன்னொரு வகைக்கு வாய்ப்பு. இப்படி ஏழெட்டுக் காரணங்கள்தான், அவற்றை வைத்து நூறு ரியாக்‌ஷனை ஊகித்துவிடலாம். நூறையும் தனித்தனியாக மனப்பாடம் செய்பவர் நூற்றியோராவதில் மாட்டிக்கொள்வார். எட்டாம் வகுப்பு வரை நம் ஊரில் படித்த பிள்ளைக்கு மனப்பாடம் ஒரு பலம். ஜெனரல் கெமிஸ்ட்ரி வரை அது உன்னைக் கொண்டுவந்து சேர்த்தது. இங்கே அது போதவில்லை, அவ்வளவுதான்.

வெற்றுத் தாள் சோதனையில் பத்துக்கு ஆறு ஏழு கேள்விக்கு அம்பின் காரணத்தைச் சொல்ல முடிந்தால், பாடம் உனக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது, தேர்வு நாளன்று மனமோ தூக்கமோ கெடுத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது தொடர்வதைப் பற்றிப் பேசலாம். இரண்டு மூன்றுக்கு மேல் முடியவில்லை என்றால் ஐந்து வாரத்தில் 86 வராது. விலகிவிடு.

அடுத்து, இரண்டு நாளுக்குள் பேராசிரியரின் ஆபீஸ் அவர்ஸுக்குப் போ. 'நான் பாஸ் ஆவேனா' என்று கேட்டால், முயற்சி செய் என்றுதான் பதில் வரும். வேறு மாதிரி கேள். 'கோர்ஸ் இன்றோடு முடிந்தால் எனக்கு என்ன கிரேடு போடுவீர்கள்?' 'போன வருடங்களில் இரண்டு தேர்வுக்குப் பிறகு இதே நிலையில் இருந்தவர்கள் எங்கே முடித்தார்கள்?' இந்த இரண்டுக்கும் அவரால் நேரான பதில் சொல்ல முடியும். கர்வ் பற்றிய உண்மையும் அப்போதே வெளிவந்துவிடும்.

பல வருடங்களுக்கு முன், கிட்டத்தட்ட இதே மதிப்பெண்ணோடு ஒரு பையன் என் எதிரில் உட்கார்ந்திருந்தான். கடும் உழைப்பாளி. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, விடாதே, உன்னால் முடியும் என்று சொல்லி அனுப்பினேன். கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ராத்திரி பகலாக ஆர்கானிக்கோடு மல்லுக்கட்டினான். அதில் டி வந்தது, அதற்கு நேரத்தைக் கொடுத்ததில் பிசிக்ஸும் சி-க்கு இறங்கியது. பின்னால் அவன் டாக்டரானான், ஆனால் அந்த ஒரு செமஸ்டரைச் சரிக்கட்ட அவனுக்கு இரண்டு வருடம் கூடுதலாகப் பிடித்தது. அந்த இரண்டு வருடத்துக்கு நானும் பொறுப்பு. அதற்குப் பிறகு கணக்குப் போடாமல் யாருக்கும் தைரியம் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். உனக்கும் இப்போது பிசிக்ஸில் பி, ஜெனிட்டிக்ஸில் ஏ நிற்கிறது. அவற்றைக் காப்பாற்றுவதும் இந்த முடிவில் அடக்கம்.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை. ஐயா, 'டிராப்' என்றதும் நமக்கு நீட் ரிப்பீட்டர் ஞாபகம்தான் வருகிறது. பிளஸ் டூ முடித்ததும் நேராக எம்.பி.பி.எஸ்., ஹவுஸ் சர்ஜனோடு சேர்த்து ஐந்தரை வருடம் என்பது நாம் பார்த்து வளர்ந்த பாதை. அதில் ஒரு வருடம் போனால் போனதுதான். இங்கே நான்கு வருட டிகிரி முடித்துத்தான் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறார்கள். நுழைகிறவர்களின் சராசரி வயது 24, பாதிக்கும் மேற்பட்டவர்கள் டிகிரிக்குப் பிறகு ஒரு வருடமாவது இடைவெளி விட்டுச் சேர்கிறவர்கள். ஒரு பாடத்தை ஒரு செமஸ்டர் தள்ளி எடுப்பது இங்கே கதவை மூடாது. ஒரு டபிள்யூ, அடுத்து அதே பாடத்தில் நல்ல கிரேடு என்று இருந்தால் நேர்காணலில் அதைப் பற்றிப் பேச்சே வராமல் போனதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். வருடா வருடம் ஒன்றிரண்டு டபிள்யூ என்று வரிசையாக இருந்தால் கேட்பார்கள். பழக்கமாகிவிடக் கூடாது என்று நீங்கள் சொல்வது அந்த இடத்தில் சரி.

டெக்சாஸ் அரசும் உங்கள் கட்சிதான். 2007 முதல் இங்கே ஒரு சட்டம் இருக்கிறது: அரசுக் கல்லூரிகளில் படிக்கும் மாணவர் தன் இளநிலைப் படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து ஆறு பாடங்களிலிருந்துதான் இப்படி விலக முடியும். செமஸ்டர் தொடங்கிய பன்னிரண்டாவது வகுப்பு நாளுக்குள் விட்டிருந்தால் சுவடே இருந்திருக்காது, அது எப்போதோ கடந்துவிட்டது. ஆனால் நெருங்கிய உறவின் மரணத்தால் விலக நேர்ந்தால் அதை அந்த ஆறில் சேர்க்காமல் விட அதே சட்டத்தில் இடம் உண்டு. மகளே, ஆச்சியைப் பற்றிக் கல்லூரியில் சொன்னாயா என்று கேட்டது இதற்காகவும்தான். டீன் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் அலுவலகத்தில் போய்ச் சொல். சலுகை கேட்டு நிற்பதாக நினைத்துக் கூச வேண்டாம். கவுன்சலிங் பிரிவும் இருக்கும், அங்கேயும் ஒரு தடவை போய்விட்டு வா.

பணம், கிரெடிட் விஷயம் உனக்குச் சிக்கலில்லை. 17-ல் ஆர்கானிக்கின் 3-ம் லேபின் 1-ம் போனாலும் 13 நிற்கும். முழுநேர மாணவர் என்பதற்கு 12 போதும். இருந்தாலும் உதவித்தொகை 15 கேட்கிறதா என்று ஃபைனான்ஷியல் எய்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். இதைப் படிக்கும் வேறு யாராவது எஃப்-1 மாணவர் விசாவில் இருந்தால், 12-க்குக் கீழே போகும் முன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். வாங்காமல் டிராப் செய்தால் விசாவுக்கே வினையாகும்.

சரி, உன் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஆர்கானிக் வராதவள் டாக்டராகலாமா? நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரி 1987-ல் ஒரு திட்டம் தொடங்கியது. இலக்கியம், வரலாறு போன்றவை படிக்கும் மாணவர்களை எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு இல்லாமல், வழக்கமான ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் பிசிக்ஸும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். தேவையான அளவு மட்டும் ஒரு கோடை வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி வந்தவர்கள் மற்ற மாணவர்களுக்குச் சமமாகவே படித்து முடித்தார்கள் என்று 2010-ல் வெளியான ஆய்வு சொன்னது. உன்னை அந்த வழியில் போகச் சொல்லவில்லை, டெக்சாஸில் உனக்கு ஆர்கானிக் வேண்டும். ஆனால் ஒரு மிட்டர்ம் மதிப்பெண் நீ எப்படிப்பட்ட டாக்டராவாய் என்பதைச் சொல்லாது. எம்கேட்டிலேயே கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் பகுதியில் ஆர்கானிக்குக்கு 15 சதவீதம்தான், உயிரியல் பகுதியில் 5. பயோகெமிஸ்ட்ரிக்கு இரண்டிலும் 25. ஆர்கானிக்கை நிதானமாகப் புரிந்து முடித்துவிட்டுப் பயோகெமிஸ்ட்ரிக்குப் போனால் அந்த 25 உன் பக்கம் வரும்.

நீ அனுப்பியதை வைத்து என் கருத்தைக் கேட்டால், விலகு. வெற்றுத் தாளும் பேராசிரியரும் வேறு மாதிரி சொன்னால் மட்டும் மாற்றிக்கொள்.

விலகினால் அதோடு விட்டுவிடாதே. அடுத்த செமஸ்டரில் முதல் பகுதி நடக்கிறதா என்று இன்றே பார், சில இடங்களில் இலையுதிர் காலத்தில் மட்டும்தான் நடத்துவார்கள். கோடையில் எடுக்கலாமா என்றால், இப்போது வேண்டாம். பதினைந்து வாரப் பாடத்தை ஐந்து வாரத்தில் ஓட்டிவிடுவார்கள், யோசிக்கப் பழக வேண்டிய உனக்கு அந்த ஓட்டம் ஆகாது. அடுத்த தடவை எடுக்கும் செமஸ்டரில் 13 கிரெடிட்டுக்கு மேல் போகாதே, ஸ்கிரைப் வேலையை எட்டு மணி நேரமாகக் குறை. மிச்சமிருக்கும் இந்த செமஸ்டரிலும், முடிந்தால் அந்த வகுப்பிலேயே பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கப் பேராசிரியரிடம் அனுமதி கேள். மதிப்பெண் பயமில்லாமல் கேட்கும்போது அம்புகள் எங்கே போகின்றன என்று கண்ணுக்குத் தெரியும்.

லேபையும் சேர்த்துத்தான் விட வேண்டுமா, தனியாக முடிக்கலாமா என்பதை உன் அட்வைசரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். கடைசி நாள் என்றால் நள்ளிரவு வரையா, மாலை ஐந்து மணி வரையா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடு.